கேட்காமல் பூசிய சுவர்

அன்புள்ள மகனுக்கு,

ஒன்பது நாளைக்கு முன் நீ போன் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கொஞ்ச நாளைக்கு அங்க வந்து இரிக்கட்டா?" நான் "சொல்றன் மகன்" என்று வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வரட்டா என்று கேட்க, யோசித்துச் சொல்கிறேன் என்ற தகப்பன் பழுகாமத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்குப் பிறகு நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அதையே திரும்பக் கேட்பாய் என்ற பயம் எனக்கு. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலமெல்லாம் ஊராருடைய கடிதங்களுக்குச் சுணங்காமல் பதில் எழுதியவன், சொந்தப் பிள்ளைக்கு எழுத இவ்வளவு நாள் எடுத்திருக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் கடைசியில்தான் வரும். முதலில் அதற்குப் பாயாமல் ஒழுங்காக வாசி.

நடந்ததை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. கல்யாணம் முடித்து எட்டு மாதம். தர்சினி முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சிக்கென்று மூன்று நாள் திருகோணமலைக்குப் போனாள். நீ அந்த மூன்று நாளும் லீவு எடுத்து, நீ வேலை செய்யும் ஹோட்டலின் பெயின்ட்காரரைக் கூட்டிக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் போய், ஹோலை முழுக்க மாற்றினாய். சுவரில் இருந்த நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மணல் நிறம் பூசினாய். கண்ணாடி ஷோகேஸைத் தூக்கிச் சமைக்கிற குசினிக்குப் பின்னால் வைத்தாய். பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிப் பின்பக்க மூலையில் போட்டு, தரையில் மெத்தை விரித்தாய். யன்னலுக்கு வெள்ளைச் சீலை, கூரையில் பிரம்புக் கூடை கவிழ்த்த விளக்கு. அவள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று வாசலில் நின்றாய். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் படியிலேயே இருந்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் பேசிய பேச்சில் நீ உன் சூட்கேஸை எடுத்துக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போய், ஹோட்டல்காரர் தந்த அறையில் இன்னும் மூன்று பேரோடு படுத்துக் கிடக்கிறாய்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுக்கிறார்கள், மாப்பிள்ளை அதற்குள் வந்து சேருகிறான். உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தவன் மறந்துபோனாய் என்பதால்தான் எழுதுகிறேன். அதிலும் அந்த வீடு சும்மா கட்டிய வீடும் இல்லை. தர்சினியின் தகப்பன் கடற்தொழில் செய்தவர். மீன் நன்றாகப் பட்ட வருடத்தில் ஒரு அறை, படாத வருடத்தில் ஒன்றும் இல்லை, அப்படிக் கட்டினார். ஒவ்வொரு வருடமும் தோணிக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சியதை ஹோல் சுவருக்கு அடித்தாராம். தோணி எந்த நீலமோ அந்த வருடம் சுவரும் அந்த நீலம். அவர் இறந்து தோணியையும் விற்ற பிறகு சுவரில் மட்டும்தான் அது இருந்தது. உன் பெயின்ட்காரர் சுரண்டியபோது பட்டை பட்டையாக வந்தது என்று நீயே எனக்குப் போனில் சிரித்துக்கொண்டு சொன்னாய். எத்தனை பூச்சு என்று எண்ணவே முடியவில்லை என்றாய். நானும் சிரித்தேன். அப்போது தர்சினி இன்னும் திருகோணமலையில்தான் இருந்தாள்.

அதனால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. மாதக் கணக்காக நீ உன் போனில் சேர்த்துவைத்த அறைகளின் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய். இந்த விளக்கு எப்படி, இந்த நிறம் எப்படி, இந்த மெத்தை எப்படி என்று கேட்பாய். எல்லாவற்றுக்கும் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தையே அனுப்பினேன். பிள்ளை தகப்பனிடம் அபிப்பிராயம் கேட்கிறான் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதையெல்லாம் தர்சினிக்குக் காட்டினாயா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு, அதையும் பிறகு சொல்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் உனக்குச் சொன்ன புத்தி ஞாபகம் இருக்கிறதா? "போற வீட்டில ஒண்டுலயும் கைவைக்காத" என்றேன். நீ, அப்ப நான் என்னத்துக்கு அங்க, பொம்மையா என்று கேட்டுச் சிரித்தாய். அந்தப் புத்தி எனக்கு வந்த கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. நான் உன் அம்மாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், கொழும்புக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது பெரிய படம் ஒன்று வாங்கி வந்தேன். பனிமலை, அதன் அடியில் மரவீடு, முன்னால் ஒரு குளம். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று சுவரில் இருந்தால்தான் அது படித்தவன் வீடு. யாரிடமும் கேட்கவில்லை. உன் அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, ஹோலின் நடுச்சுவரில் ஆணியை வைத்து ஓங்கி ஒன்று போட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவர். சோற்றுக்கோப்பை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து என் காலில் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த என் மாமனார் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீமெந்து குழைத்துக் கொண்டுவந்து பூசினார். காய்ந்த பிறகு, "படத்தத் தாங்க மருமகன், நான் மாட்டுறன்" என்று வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். ஏசியிருந்தால் நான் திரும்ப ஏசி அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் மரியாதையாக மாட்டியதில்தான் நான் செத்துப்போனேன். அந்தப் படத்தைக் கறையான் தின்று முடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது, நான் ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றிலிருந்து முப்பத்துநாலு வருடம் இந்த வீட்டுச் சுவரில் நான் ஒரு ஆணி அடிக்கவில்லை.

இனி, வீட்டை அழகுபடுத்துவது பற்றி நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். கட்டைவிரலுக்குப் பதிலாக இதை எழுதியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் புதிதாகப் போனவன் ஒரு வருடமாவது அதைச் சும்மா பார்க்க வேண்டும். செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஊர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எந்த யன்னலால் மணல் வருகிறது, மாரியில் எந்த மூலை பூசணம் பிடிக்கிறது, காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று தெரியாமல் நிறம் தெரிவு செய்ய முடியாது. நீ போட்ட வெள்ளைச் சீலை இரண்டு மாதத்தில் தேத்தண்ணி வடித்த துணியின் நிறத்துக்கு வந்துவிடும், அதைத் தாங்கும் இரும்புக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சீலையிலும் கோடு போடும். நிறத்தை டப்பாவின் மூடியில் பார்த்து வாங்குவதும் பிழை. சுவரில் ஒரு சாண் பூசிவிட்டுக் காலையில் பார், மத்தியானம் பார், விளக்குப் போட்ட பிறகு பார். வீட்டிலிருக்கும் மற்றவர்களும் போகும்போது வரும்போது அதைப் பார்க்கட்டும், பிடித்திருந்தால் சொல்லுவார்கள், பிடிக்காவிட்டால் அதைவிடச் சத்தமாகச் சொல்லுவார்கள்.

நீ ஹோட்டல் அறையைப் பார்த்து ஆசைப்பட்டாய். ஆசைப்படுவதில் பிழையில்லை, நாங்கள் எல்லோரும் எங்கேயோ பார்த்துத்தான் ஆசைப்படுகிறோம், நான் பனிமலைக்கு ஆசைப்படவில்லையா? ஆனால் ஹோட்டல் அறை, முன்பு இருந்தவன் யார் என்றே தெரியக்கூடாது என்று செய்யப்பட்டது. ஒரு தலைமயிர் கிடந்தாலும் மனேச்சர் கத்துவார் என்று நீதான் சொன்னாய். வீட்டில் அதற்கு எதிர்மாறு. யார் எங்கே இருக்கிறார்கள், கதவுத் திறப்பை எங்கே வைக்கிறார்கள், மாமி எந்தப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்கிறா, இதெல்லாம் தெரிய வேண்டும், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வர வேண்டும். முழங்கால் வருத்தக்காரியான உன் மாமிக்கு நீ விரித்த மெத்தையில் இருக்கவும் முடியாது, இருந்தால் எழும்பவும் முடியாது. தர்சினியின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டிக் கொடுத்த காகித மீன்களை அவள் யன்னலில் வரிசையாக ஒட்டியிருந்தாள். நீ அவற்றைக் கிழியாமல் கழற்றிப் பையில் பத்திரமாக வைத்தாய், அதற்காக உன்னைப் பாராட்ட வேண்டும் என்றும் எதிர்பார்த்தாய். அந்த வீட்டை எப்படி அழகுபடுத்தலாம் என்று உன் போனில் தேடினாயே, அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள், மகன். அந்த மீன்களைப் பார்த்திருந்தால் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை நான் செட்டிபாளையத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் இப்படியான நேரத்தில் தனியப் போவது முறையில்லை என்று உன் தங்கச்சி தடுத்தாள். வயல் வட்டையில் வெட்டிய புது நெல்லில் குற்றிய அரிசி கொஞ்சம் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய் அங்கிருந்து பஸ் எடுத்தேன். கிணற்றடி மணலில் நீலத் தூள் இன்னும் கிடந்தது, யாரும் கூட்டவில்லை. உள்ளே போனேன். உண்மையைச் சொல்கிறேன், ஹோல் அழகாக இருந்தது. உனக்குக் கைவண்ணம் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. எனக்குள் ஒரு பெருமை வந்தது, வந்ததை நினைத்து வெட்கமும் வந்தது. தர்சினி பின்னால் போய் ஒரு பிளாஸ்டிக் கதிரை எடுத்து வந்து போட்டாள். அவளும் தாயும் இப்போது குசினியில்தான் இருக்கிறார்கள், சாப்பிடுவதும் படுப்பதும் அங்கேதான். நீ செய்த ஹோலில் எதையும் அவள் கழற்றவில்லை, எதிலும் இருக்கவும் இல்லை.

தேத்தண்ணி தந்தாள். நான் குடித்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது வேறு. அவன் நல்லதை நினைத்துத்தான் செய்தான் என்று ஏதோ முணுமுணுத்தேன். தகப்பனின் நிறம் போய்விட்டது என்று அவள் அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மாமா, எனக்கும் அந்த நீலம் அலுத்துத்தான் போயிருந்திச்சு. சின்ன வயசில இருந்து பாத்த நீலம். அவர் கேட்டிருந்தா ஓமெண்டுதான் சொல்லிரிப்பன். கேக்கயில்லயே."

மகன், அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். நீலம் பெரிதாக இருந்திருந்தால் நீலத்தைத் திரும்பப் பூசலாம் என்று சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? "அவன் வரலாமா எண்டு கேக்க வந்தன் மகள்" என்று உளறினேன். அவள், "வரச் சொல்லவும் மாட்டன், வரவேணாம் எண்டும் சொல்ல மாட்டன் மாமா. அவர் என்னட்டக் கேட்டாரெண்டா அப்ப பாப்பம்" என்றாள். ஓம் மகள் என்றேன். அரிசியை வைத்துவிட்டு வெளியே வந்து, வரும் வழியில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்தேன்.

அந்த நடையில்தான் உன் அம்மாவின் ஞாபகம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு ஆணி அடிக்கவில்லை என்று மேலே பெருமையாக எழுதினேனே, அது பெருமை இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள், இந்த முறை ஹோலுக்கு என்ன நிறம் அடிப்போம் என்று. நான் ஒவ்வொரு முறையும், உன்ட வீடு, உன்ட விருப்பம் என்பேன். மாமனார் சீமெந்து குழைத்ததற்கு முப்பது வருடமாக நான் பழிவாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருந்தேன். கடைசி வருடம் அவளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, வார்ட்டில் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "இந்தச் சுவர் எங்கட ஹோல் மாதிரியா, கொஞ்சம் மங்கலா?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் ஹோல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஓம், இதே மாதிரித்தான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அது பச்சை" என்றாள். ஆஸ்பத்திரிச் சுவர் மஞ்சள். பிறகு கோபமில்லாமல் சொன்னாள்: "நீங்க அந்த வீட்டில இரிக்கவே இல்ல. நான் தனியத்தான் இரிந்திரிக்கன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றினாய், என்னிடம் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் செய்திருக்கிறோம், நீ எட்டு மாதத்தில் செய்தாய், எனக்கு முப்பத்துநாலு வருடம் எடுத்தது. உன் பிழைக்கு இன்னும் ஆள் இருக்கிறாள். நான் இப்போது பச்சைதான் எனக்கும் பிடிக்கும் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இனி உன் கேள்வி. உன் தங்கச்சியின் கல்யாணத்தோடு இந்த வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டோம், அது உனக்குத் தெரியும். மருமகன் வந்துவிட்டார், நல்ல மனிதர், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹோலுக்கு இப்போது ரோஜா நிறம். என் பக்க அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று அவள் கேட்டாள், நான் பழக்கதோஷத்தில் உன் விருப்பம் என்றேன், அவள் முகம் வாடியதைக் கண்டும் மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. நீ போன் எடுத்த அன்று பின்னேரம் நான் அவளிடம் போய், அண்ணன் கொஞ்ச நாள் வந்து இருக்கக் கேட்கிறான் என்றேன். அவள் உடனே ஓம் சொன்னாள். சொல்லிவிட்டு மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் தலையாட்டினார். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம் நான் கதவடியில் நின்றேன், என் பிள்ளைக்காக அனுமதி கேட்டுக்கொண்டு. அதிலிருந்துதான் உனக்கு என்னால் போன் எடுக்க முடியவில்லை.

நீ வரலாம், மகன். பாய் போட்டுத் தருவாள், சோறு போடுவாள். ஆனால் "வா" என்று சொல்லும் உரிமை எனக்கு இங்கே இல்லை. எனக்கு ஒரு வீடு இருந்து, அதில் நான் இருக்காமலே விட்டுவிட்டேன். உன்னை வா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் செட்டிபாளையத்தில் குசினியில் படுத்துக் கிடக்கிறாள். அவளிடம் போ. பெயின்ட் கொண்டு போகாதே, ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. படியில் நின்று, உள்ளே வரட்டா என்று கேள். ஒரு நாள் கேட்டுப் பதில் வராவிட்டால் அடுத்த ஓய்வு நாளும் போய்க் கேள்.

அவள் மாட்டேன் என்று சொன்னால் நீ எங்கே போவது என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, மகன்.

அப்பா